சுழலக் கூடாத டெப்பட்

போன மாதம் கப்பல்துறை கராஜில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கேக் வெட்டினோம், உழுந்து வடை தின்றோம், ஆளுக்காள் நல்ல வார்த்தை சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு வேலைத்தளப் பொடியன்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி இருந்தார்கள். ஒருவன் கேட்டான்.

"நாதன் அண்ணை, நீங்கள் கட்டின எஞ்சினுகளுக்குள்ள திறம் எஞ்சின் எது?"

எத்தனை குதிரைவலு, எத்தனை மைல் வேகம் என்று நான் அளப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எஞ்சின் என்றால் மடிக்கணினித் திரையில் ஏறி இறங்குகிற ஒரு கோடு. குறை சொல்லவில்லை. அந்தக் கோட்டை அவர்களுக்கு வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது.

"நாங்கள் ஸ்டார்ட் பண்ணாமல் விட்ட எஞ்சின்தான்" என்றேன்.

மனுசனுக்கு வடை கூடிப்போச்சு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அன்று வடையும் தேநீருமாக அரைகுறையாகச் சொன்ன கதையை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து வேலைத்தளம் ஒன்றில் போனது. இழுவைப் படகுகளின் டீசல் எஞ்சின்கள்தான் எங்கள் வேலை. வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏச்சு வாங்கினேன், ஒயில் துடைத்தேன், கடைசியில் ஒரு நாள் ஸ்பானரைக் கையில் தந்தார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் நின்றவன் யோகராசா. மூதூர்க்காரன். தினமும் லோஞ்சில் கடலைக் கடந்து வேலைக்கு வருவான். அரத்தைப் பிடித்தால் அவனைப் போல இரும்பைச் சீவ அந்த வேலைத்தளத்தில் வேறு ஆள் இல்லை. வாயும் அரம் போலத்தான். ஆனால் மேலதிகாரி ஒருவர் முன்னால் வந்து நின்றால் யோகனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்த போர்மன்மார் வாயைத் திறந்தால் வசைதான் வரும். அதனால் கேள்வி கேட்கிற பழக்கம் எங்கள் இருவருக்கும் வரவே இல்லை.

அங்கே படித்த சட்டங்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் கேம் தண்டு என்று ஒன்று சுழலும். அதில் முட்டை வடிவ மேடுகள் இருக்கும். மேடு சுழன்று வரும்போது அதன்மேல் நிற்கிற சின்ன உருக்குத் துண்டைத் தூக்கும். அந்தத் துண்டுதான் டெப்பட். டெப்பட் எழும்ப, அதற்கு மேலே உள்ள கம்பி வால்வைத் திறக்கும். எங்கள் டீசல் எஞ்சின்களில் டெப்பட்டின் அடி தட்டையானது. மேடு அதில் உரசிக்கொண்டே ஓடும். ஆகவே டெப்பட் தன் துளைக்குள் மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டு இருக்க வேண்டும். சுழலாவிட்டால் ஒரே இடத்தில் தேய்ந்து போகும். ஒவ்வொரு டெப்பட்டையும் துளையில் இறக்கிவிட்டு விரலால் சுழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. சுழலாத டெப்பட் செத்த டெப்பட். இதை எங்களுக்கு ஏச்சாலேயே மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

அந்த வேலைத்தளம் ஒரு நாள் ஆட்களைக் குறைத்தது. நாங்கள் இருவரும் ஐம்பதைத் தாண்டிய வயதில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தோம். அந்த நேரத்தில்தான் கிண்ணியாவைச் சேர்ந்த இம்தியாஸ் கண்டி வீதியில், கப்பல்துறையில், இந்தக் கராஜைத் திறந்தார். வளைகுடா நாடொன்றில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டிவிட்டு வந்தவர். வயதில் என் கடைசித் தம்பியிலும் இளையவர். முதலில் நான் போய்ச் சேர்ந்தேன். பிறகு என் சொல்லை நம்பி யோகனையும் எடுத்தார், பழகிப் பார்ப்போம் என்ற கணக்கில்.

இம்தியாஸின் போக்கே வேறு. புதிய பாகம் ஒன்றின் பெட்டியைத் திறக்க முன்னர் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். "ஜும்ஆவுக்குப் போற மாதிரி எல்லோ கழுவுறார்" என்று யோகன் என் காதுக்குள் சொன்னான். அவருக்கு அது கேட்டுவிட்டது. "அதுக்குத் தண்ணி காணும் அண்ணன், இதுக்குச் சோப்பும் வேணும்" என்று சிரித்தார். நான் சிரித்தேன். யோகனுக்கு வேர்த்துவிட்டது.

குரலை உயர்த்த மாட்டார். ஒரு எஞ்சினைக் கட்டி முடித்ததும் ஸ்டார்ட்டரைத் தொட விட மாட்டார். முதலில் நீண்ட கம்பியைப் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார். அந்த நேரம் மின்விசிறி நிற்க வேண்டும், வானொலி நிற்க வேண்டும், நாங்களும் வாயை மூட வேண்டும். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே சுற்றுவார். எங்கேயாவது ஒரு சின்ன முரண்டு தெரிந்தால் அப்படியே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஏன்?" எனக்கு அந்த "ஏன்" பிடித்திருந்தது. யோகனுக்கு அது ஏச்சைவிட மோசமாகப் பட்டது. "ஏசினா ஏச்சோட முடிஞ்சிடும். இந்தாள் கேள்வி எல்லோ கேக்குது" என்பான். "தம்பி எண்டு கூப்பிடுங்க அண்ணன்" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் யோகனின் வாயில் "சேர்" தவிர வேறொன்றும் வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் தர்ஷிகா காரைக் கொண்டு வந்தாள். தம்பலகாமத்து அரிசி மில் முதலாளியின் ஒரே பிள்ளை. வயலில் உழவு மெஷின் ஓட்டிப் பழகி, பிறகு மில் லொறியை ஓட்டி, யானைக்குப் பிரேக் அடித்துத் தேறியவள். மலைநாட்டில் வருடம் ஒரு முறை தேயிலைத் தோட்டப் பாதையில் ஏற்றப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து மலையேறும், நேரம் குறிப்பார்கள். அவளுக்கு அதில் ஓட வேண்டும். கார் பழைய இரண்டு கதவுக் கார். அதற்குள் அவுஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய எட்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அதன் கேமும் தட்டை டெப்பட்டுகளும் தேய்ந்து, ஒயில் எல்லாம் இரும்புத் தூளாக இருந்தது.

அப்பாவுக்கு இந்தப் பந்தய விளையாட்டுத் துளியும் பிடிக்கவில்லை. எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"இந்த முறை ஓடு. ஓடி முடிச்சா கார் உன்ர. ஓடேல்லையோ, கண்டியில ஒருத்தன் கேட்டுக்கொண்டு நிக்கிறான், குடுத்திடுவன். பிறகு பந்தயம் எண்ட கதையே வீட்டில எடுக்கக் கூடாது."

"ஓம் அப்பா" என்றாள். அன்றிலிருந்து நேரம் கிடைக்கும் போதெல்லாம் கராஜுக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் குந்தியிருந்து வேலையைப் பார்த்தாள்.

இம்தியாஸ் அந்த எஞ்சினுக்கு ரோலர் டெப்பட் போடுவதென்று முடிவெடுத்தார். அதன் அடியில் தட்டை முகத்துக்குப் பதிலாக ஒரு குட்டிச் சில்லு இருக்கும். உரசாது, உருளும். அதனால் மேடுகளைச் செங்குத்தாக வைக்கலாம், வால்வைக் கெதியாகவும் கூடுதலாகவும் திறக்கலாம், பலமான ஸ்பிரிங் போடலாம். எஞ்சின் நன்றாக மூச்சு விடும். இதற்கென்று புதிய கேம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அது கடும் உருக்கு. கேமோடு பல் கோத்து ஓடுகிற பழைய இரும்புக் கியரை அதோடு சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், ஆகவே வெண்கலக் கியர் தேடினோம். டெப்பட் உயரம் மாறியதால் மேலே போகிற கம்பியின் நீளத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு கம்பியைப் போட்டு, வால்வின் தலையில் பேனையால் மை பூசி, எஞ்சினைச் சுற்றி, மை எந்த இடத்தில் அழிகிறது என்று பார்ப்போம். நடுவில் அழிந்தால் நீளம் சரி. அந்த ஒரு அளவுக்கே அரை நாள் போனது. என் வாழ்நாளில் அவ்வளவு ஆறுதலாக யாரும் எனக்கு வேலை காட்டியதில்லை.

தட்டை டெப்பட்டுக்கு நாங்கள் அப்பிப் பழகிய தடித்த கிரீஸை ரோலருக்குப் போடக் கூடாது, வெறும் ஒயில் போதும் என்பதையும் அவர் எனக்குச் சொன்னார். இதெல்லாம் எனக்குச் சொன்னவை. யோகன் அந்த நேரம் பின்னால் கடைசல் மெஷினில் நின்றான்.

பந்தயத்துக்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை. கொழும்பு பஸ்ஸில் வந்த வெண்கலக் கியரை எடுக்க நான் டவுனுக்குப் போனேன். இம்தியாஸ் ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது யோகனிடம் ரோலர் டெப்பட் பெட்டியைக் காட்டி, "இதக் கழுவி ஒயில்ல ஊறப் போடுங்க அண்ணன், வந்து பூட்டுவம்" என்றாராம். அவ்வளவுதான் சொன்னது.

நான் திரும்பி வரவும் அவர் தொழுதுவிட்டு வரவும் சரியாக இருந்தது. யோகன் வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"கழுவி, ஊற வைச்சு, இறக்கியும் போட்டன் சேர். எல்லாம் என்ன வடிவாச் சுத்துது, வந்து பாருங்கோ."

எஞ்சின் மேல்மூடி இல்லாமல் தாங்கியில் நின்றது. பதினாறு டெப்பட்டும் துளைகளுக்குள் பளபளவென்று இருந்தன. இம்தியாஸ் ஒன்றில் விரலை வைத்தார். அது பம்பரம் மாதிரிச் சுழன்றது. அவர் சட்டென்று விரலை எடுத்தார்.

ரோலர் டெப்பட் சோடி சோடியாக வரும். ஒவ்வொரு சோடியையும் ஒரு சின்னத் தகடு இணைத்திருக்கும். யோகன் அந்த எட்டுத் தகடுகளையும் கழற்றிவிட்டான். தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளின் தலையை அரத்தால் சீவி, ஒரு கீறல் கூட விழாமல், அவனால் மட்டும் முடிகிற சுத்தத்தோடு கழற்றியிருந்தான்.

"ஏன் அண்ணன் கழட்டின நீங்க?" என்று கேட்டார் இம்தியாஸ். வழக்கமான அதே குரல்.

"அது பக்கிங்குக்கு அடிச்ச தகடெல்லோ சேர்? கப்பல் சாமானெல்லாம் இப்பிடித்தானே வரும், ஆடாமல் இறுக்கி. அதோட, தகடு கிடந்தா டெப்பட் சுத்தாதே."

நான் அங்கே நின்றிருந்தால் நானும் பக்கத்தில் நின்று அரம் எடுத்துக் கொடுத்திருப்பேன். இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

இம்தியாஸ் ஒரு டெப்பட்டை வெளியே எடுத்து அடியிலிருந்த சில்லைக் காட்டினார். "இது சுத்தக் கூடாது அண்ணன். சில்லு எப்பவும் நேரப் பாத்து நிக்கணும். தள்ளுவண்டிட சில்லக் குறுக்கால திருப்பினா வண்டி போகுமா? போகாது, இழுபடும். அது திரும்பாமப் பிடிக்கத்தான் அந்தத் தகடு."

யோகன் பின்னால் போய்க் கடைசல் மெஷினைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு புதிய ஆணியோடு வந்தான். தகட்டையும் இரண்டு டெப்பட்டையும் அதில் பூட்டிக் காட்டினான். வாங்கிய சாமானுக்கும் அவன் செய்ததுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. "பின்னேரத்துக்குள்ள எட்டுச் சோடிக்கும் செய்து தாறன் சேர்" என்றான். புதுச் செட் வர வாரக்கணக்கில் எடுக்கும், பந்தயமோ அடுத்த ஞாயிறு. தேய்ந்துபோன பழைய கேமுக்குத் திரும்பவும் வழியில்லை. இந்த ஆணி போதும் என்றுதான் நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

இம்தியாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்து, மேலும் கீழும் அசைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"வேல அருமையான வேல. ஆனா இது என்ன இரும்பு எண்டு எங்களுக்குத் தெரியுமா அண்ணன்?"

"தெரியாது சேர்."

"அப்ப இத நம்பி அந்தப் புள்ளய மலையில ஏத்த ஏலாது."

கையைக் கழுவிவிட்டு எங்கள் முன்னாலேயே தர்ஷிகாவின் அப்பாவுக்குப் போன் எடுத்தார். "முதலாளி, எஞ்சின் பந்தயத்துக்கு வராது. டெப்பட் பழுதாப் போச்சு. எங்கட கராஜில நடந்த பிழை. என்ட பிழை." மறுபக்கம் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நாளைக் காலையில் லொறி வரும், கார் கண்டிக்குப் போகும் என்பதுதான் அதன் சாரம். "சரி முதலாளி" என்று மெதுவாகப் போனை வைத்தார். யோகனின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. யோகன் அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனான்.

காலையில் லொறி வந்தது. அப்பா இறங்கினார். பின்னால் தர்ஷிகா. அவள் யாரையும் பார்க்காமல் காரின் பக்கத்தில் போய் அதன் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது யோகன் முன்னால் வந்தான். மேலதிகாரி முன் வாய் திறக்காதவன், மில் முதலாளிக்கு முன்னால் டெப்பட்டுகள் வைத்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"ஐயா, தகட்டைக் கழட்டினது நான். சேரில ஒரு பிழையும் இல்லை. கராஜைக் கோவிக்காதேங்கோ. நான் இண்டையோட வேலையால நிக்கிறன்."

"அவர் சொல்றதக் கேக்காதீங்க முதலாளி" என்று இம்தியாஸ் குறுக்கே வந்தார். "பொட்டியக் குடுத்தது நான். தகடு எதுக்கு எண்டு ஒரு வார்த்த சொல்லாமப் போனதும் நான்."

"நீங்கள் சொல்லாட்டி என்ன, நான் கேட்டிருக்க வேணுமெல்லோ!"

"கேக்க ஒங்களுக்குப் பயம். அந்தப் பயத்தப் போக்காததும் நான்தானே!"

முதல் தடவையாக இம்தியாஸின் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தர்ஷிகாதான் இடையில் புகுந்தாள்.

"அங்கிள், இதோட நான் ஓடியிருந்தா என்ன நடந்திருக்கும்?"

இம்தியாஸ் பழைய கேமை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்தார். யோகனை ஒரு ரோலர் டெப்பட்டை அதன்மேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். "சுத்துங்க மகள்" என்றார். அவள் சுற்றினாள். சில்லு மேட்டில் ஏறி இறங்கி உருண்டது. சத்தமே இல்லை. "இப்ப குறுக்கால திருப்பிப் பிடிங்க அண்ணன்." யோகன் திருப்பினான். அவள் சுற்றினாள். கறகறவென்று இழுத்துக் கேம் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் உன்னினாள். அசையவில்லை.

"இது கையால சுத்தினது. மலையில வேகமாப் போகக்குள்ள உருக்கு ஒடைஞ்சு ஒயிலுக்குள்ள போகும். எஞ்சின் இறுகும். பின் சில்லு பூட்டுப்படும்."

அவள் கேமிலிருந்து கையை எடுக்கவில்லை. "மேல ஒரு வளைவு இருக்கு அப்பா," என்றாள் மெதுவாக. "ஒரு பக்கம் மலை. மற்றப் பக்கம் ஒண்டும் இல்லை."

அப்பா ஒரு கதிரையை இழுத்து இருந்தார். இருந்தாரா விழுந்தாரா என்று சொல்ல முடியாது. நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் அவருக்குக் கதை வந்தது.

"என்ர மில்லில ஒரு பெல்ட் அறுந்தா நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவாங்கள். இஞ்ச என்னடா எண்டா ரெண்டு பேர் பிழைக்குப் பங்கு கேட்டுச் சண்டை பிடிக்கிறீங்கள்." வெளியே எட்டிப் பார்த்து லொறிக்காரனைக் கூப்பிட்டார். "தம்பி, நீ போ. கார் இஞ்ச நிக்கட்டும்."

தர்ஷிகா அப்போதுதான் அழுதாள்.

அந்த முறை பந்தயம் அவள் இல்லாமல் நடந்தது. சில வாரங்களில் புதுச் செட் வந்தது. இம்தியாஸ் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் தூக்கிக் காட்டி, இது எதற்கு, இது இல்லாவிட்டால் என்ன என்று முதலிலிருந்து சொன்னார். அன்றிலிருந்து அவர் கையிலிருந்து ஒரு சாமானும் காரணம் சொல்லாமல் எங்கள் கைக்கு வந்ததில்லை. பூட்டும் வேலையை யோகனிடமே கொடுத்தார். யோகன் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் நாங்களும் மலைநாட்டுக்குப் போனோம். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றோம். கார் தெரிய முன்னரே சத்தம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் தாழ்ந்து, மறுபடி எழும்பி, ஒரு இடத்திலும் தடுக்காமல் ஏறி வந்தது. யோகன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவள் முதலாவதாக வரவில்லை, நடுவில் எங்கேயோ வந்தாள். அது அவளுக்குப் போதவில்லை, அப்பாவுக்குத் தாராளமாகப் போதும். நேரத்தைப் பற்றி யோகன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கராஜுக்குத் திரும்பியதும் மூடியைத் திறந்தோம். யோகன் ஒவ்வொரு டெப்பட்டிலும் விரலை வைத்துச் சுழற்றப் பார்த்தான். முதலாவது சுழலவில்லை. இரண்டாவது சுழலவில்லை. பதினாறும் முடிந்த பிறகு நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஒண்டும் சுத்தேல்லை, தம்பி" என்றான்.

இம்தியாஸ் மறுபக்கம் திரும்பிக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் எத்தனையோ மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன். வேலை கற்றுத் தந்தவர்களுக்கெல்லாம் நன்றி, ஏசிக் கற்றுத் தந்தவர்களுக்கும்தான். ஆனால் தன் கராஜின் பெயர் போனாலும் பரவாயில்லை என்று ஒரு எஞ்சினைத் திறந்தபடி விட்ட மனிதருக்கு நான் பட்ட நன்றி வேறு. கடைசிக் காலத்தில் அப்படி ஒருவருக்குக் கீழே வேலை செய்யக் கிடைத்தது என் புண்ணியம்.

பிரியாவிடை முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். வாசலில் அந்தக் கார் நின்றது. தர்ஷிகா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். இப்போது மில்லையும் அவள்தான் பார்க்கிறாள், மலையும் வருடா வருடம் ஏறுகிறாள்.

"ஏறுங்கோ அங்கிள், வீட்டை கொண்டுபோய் விடுறன்."

எனக்கு ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்ட யோகன் பிரியாவிடைக்கென்று மூதூரிலிருந்து வந்திருந்தான். "பின் சீற் இல்லாத காருக்கு எஞ்சின் பூட்டினது என்ர பிழைதான்" என்று புறுபுறுத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தான்.

பந்தயக் கார் என்று பெயர். கண்டி வீதியில் நெல் ஏற்றிய உழவு மெஷின் ஒன்றுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அவள் முந்தவில்லை, எனக்கும் அவசரமில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சினைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். பதினாறும் நேராக நின்று உருண்டன. பக்கத்தில் அந்தப் பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள்.